கலக்காத ரசம்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கண்ணில் தண்ணீர் வந்தால், ஆபரேஷன் பண்ணிக்கொண்ட கண் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். போன மாதம் நான் அப்படித்தான் தப்பித்தேன்.

மேல் வீட்டுக் குழந்தையின் அம்மாவுக்கு ஆபீஸிலிருந்து வர நேரமானால் குழந்தை எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டில் என்னோடு இருக்கும். அன்றைக்கு அது ஒரு கார்ட்டூன் படம் போட்டது. சமையலைப் பற்றிய படம். சமையலறைப் பக்கமே வரக் கூடாத ஒரு ஜீவன், யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொண்டு பிரமாதமாகச் சமைக்கிறது. பேரெல்லாம் வேறொருவனுக்குப் போகிறது. சாப்பிடுகிறவர்கள் தட்டை வழித்து நக்குகிறார்கள். சமைத்தது யார் என்று தெரிந்தால் அதே தட்டைத் தூக்கி எறிவார்கள். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. பாதிப் படத்தில் என் பக்கம் திரும்பி, "பாட்டி, அது நல்லாத்தானே சமைக்குது? சொல்லிட்டா என்னவாம்?" என்று கேட்டது. நான் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

சொல்லிவிட்டால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் என்னவாகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். பத்து வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் நானும் ஒரே காலத்தில் பாவாடை கட்டிக்கொண்டு ஓடினவர்கள். கொல்லைப்பக்க வாசல் என்று ஒன்று எதற்காக இருந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அப்பா மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நீளமான வாடகை வீடு. கொல்லையில் தகரக் கொட்டகை, அதற்குள் மூன்று கோட்டை அடுப்பு. பூணூல், சீமந்தம், சத்தியநாராயண பூஜை மாதிரி சின்ன விசேஷங்களுக்கு அங்கேயே சமைத்து, அடுக்கு அடுக்காகச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்புவார். பெரிய விசேஷம் என்றால் அந்த வீட்டுக்கே போய் அடுப்புப் போடுவார். புளி கொதிக்கும் வாசனையும் விறகுப் புகையும் எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில்கூட ஏறியிருக்கும்.

சுவாமிக்குக் காட்டுகிற வரைக்கும் சமையலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பதெல்லாம் எங்கள் கொட்டகையில் நடக்காத காரியம். அப்பா மூக்கால்தான் பார்ப்பார். அண்டா கொதிக்கும்போது மேல்துண்டின் நுனியால் ஆவியைத் தன் பக்கம் விசிறிக்கொள்வார். கண்ணை மூடுவார். "இன்னும் ஒரு கை போடு" என்பார். அவ்வளவுதான். அந்தக் கை உப்பு ஒருநாளும் தப்பினதில்லை. அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள்.

எனக்குப் பத்து வயதான வருஷம், தை மாதத்தில் அப்பாவுக்கு ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் போனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கொரோனா சமயத்தில் நம்மில் பாதிப் பேர் காபிப்பொடி டப்பாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு திகைத்து நின்றோமே, அதே கதைதான். நமக்குப் பத்து நாளில் திரும்பி வந்தது. அப்பாவுக்கு வரவேயில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து முகத்தோடு வைத்துக்கொண்டு அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். "வெளியில தெரிஞ்சா எல்லாம் போச்சு. கையாட்களுக்குக்கூடத் தெரியப்படாது" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியும். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே என்னைக் கேட்டுக்கொண்டார். பழகின கையளவை நம்பி இரண்டு மாதம் ஓட்டினார்.

சித்திரையில் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது. கல்யாணக் காலம். கொல்லையில் கிணற்றடியில் மலைமாதிரி பாத்திரம் குவியும். அதைத் தேய்க்க ஓர் அம்மாள் வருவார். கொல்லைச் சந்தில் இருக்கும் தகரக் கதவு வழியாக வந்து, கிணற்றடியில் குந்தி, புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அதே வழியாகப் போய்விடுவார். கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. தேய்த்த பாத்திரத்தில் அம்மா தண்ணீர் தெளித்து உள்ளே எடுப்பாள். அந்த அம்மாளுக்கு அம்மாவின் வயது இருக்கும். அம்மாவும் நானும் 'பாத்திரக்காரி' என்றுதான் சொல்வோம். 'நீ, வா, போ' என்றுதான் நானும் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடுகிறேன். ரொம்பத் தாமதமான மரியாதை, அதுவும் செலவில்லாத மரியாதை. பேரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கொட்டகைக்குக் கிணற்றடிப் பக்கம் மரக்கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. ஒருநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பாண்டிக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரக்கார அம்மாள் தேய்க்கிற கையை நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, உங்க நைனா இன்னிக்கு உப்பு போட மறந்துட்டாரா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கொதிக்கிற வாசனை மொட்டையா கீது பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். பெரிய விஷயம் சொல்லிவிட்ட மாதிரியே இல்லை.

நான் உள்ளே ஓடினேன். அப்பா மேல்துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், ஊருக்காக விசிறிக்கொண்டிருந்தார். கையாட்கள் காய் நறுக்கும் இடத்தில் இருந்தார்கள். நான் அவர் காதோடு, "அப்பா, ரசத்துல உப்பு இல்லை" என்றேன். அவர் உப்பு மரவையைப் பார்த்தார். தொடாத உப்பு அப்படியே குவிந்திருந்தது. என் தோளைப் பிடித்தார். "நோக்கு வாசனை தெரியறதா, குழந்தே?" என்று கேட்டார்.

இல்லை அப்பா, பாத்திரக்காரிதான் சொன்னாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு நேரம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அன்று மத்தியானம் அப்பா அம்மாவிடம், "என் மூக்கு எங்கேயும் போயிடலை. உன் பொண்ணுகிட்ட போயிருக்கு" என்று சொல்லி அழுதார். அம்மாவும் அழுதாள். ஆறு அடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வித்தை இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் கனவிலும் தோன்றவில்லை. பாண்டி ஆடுகிற பெண்ணுக்கு இருக்கிறது என்பதை உடனே நம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சொல்கிறேன். அது குற்றம்தான். அதில் என் பங்கு பெரிசு.

மறுநாளிலிருந்து எனக்கு ஜன்னலோரத்தில் மணைப் பலகை போட்டார்கள். நான் உள்ளே, அந்த அம்மாள் வெளியே, நடுவில் மரக்கம்பி. பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில் அவர் பேசுவது என்னைத் தவிர யாருக்கும் கேட்காது. அவர் சொல்வதை நான் எங்கள் பேச்சில் மாற்றி அப்பாவிடம் சொல்வேன். ஊரில் செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? சமையல்காரர் பெண்ணுக்கு மூக்கில் சரஸ்வதி என்றார்கள். சாப்பாடு எடுக்க வருகிறவர்கள் எனக்குப் பெப்பர்மிண்ட் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். ஒன்றைக்கூட ஜன்னல் வழியாக நீட்டினதாக ஞாபகம் இல்லை.

உப்போடு நின்றிருந்தால் சரி. அந்த அம்மாளுக்கு வாசனை என்பது வேறு மாதிரி ஏதோ. "பருப்பு மேல வந்து நின்னுகினு கீது, மொளகு கீழ ஒளிஞ்சிகினு கீது. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க சொல்லு" என்பார். "இந்தப் பெருங்காயம் சண்டைக்கு வர்ற பெருங்காயம், கொஞ்சமா போடச் சொல்லு" என்பார். மோர்க்குழம்பில் தேங்காய் முற்றல் என்று கண்டுபிடிப்பார். சொல்லும்போது கண்ணை மூடி, தலையை இடது பக்கம் சற்றுச் சாய்த்துக்கொள்வார். கையில் நார் அப்படியே நிற்கும். முழங்கை வரை சாம்பல். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

"எங்க வூட்டாண்ட கால்வா நாத்தம் கொடலைப் புடுங்கும் பாப்பா. இங்க வந்து குந்தினா மூக்குக்கு லீவு வுட்ட மாதிரி கீது" என்று சிரிப்பார்.

பேரெல்லாம் எனக்குப் போவது அவருக்குத் தெரியும். ஒருநாள் நானே பயந்துபோய், "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றேன். "நா எதுக்கு சொல்லப்போறேன்? உனக்கு முட்டாயி, உங்க நைனாவுக்கு பேரு. எனக்கு ஒரே ஒரு ஆசை கீது, அத்த மட்டும் நீ செஞ்சுடு" என்றார்.

மிச்சம் மீதியை அம்மா சாயங்காலம் அவருடைய அலுமினியத் தூக்கில் போட்டுக் கொடுப்பாள். கொல்லைக் கதவருகே தூக்கைத் தரையில் வைத்துவிட்டு அவர் தள்ளி நிற்பார். அம்மா எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவாள். சாதம், அதன் மேல் குழம்பு, ரசம், கூட்டு, சில நாள் பாயசமும். எல்லாம் ஒரே தூக்கில்.

"அல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் குடுக்கறாங்க பாப்பா. வூட்ல போயி தொறந்தா எது கொழம்பு, எது ரசம்னே தெர்ல. ஒரு தபா ரசத்த மட்டும் தனியா குடு. கலக்காம. நான் சொன்னது எப்டி வந்துச்சுன்னு குட்ச்சிப் பாக்கணும்."

நான் தருகிறேன் என்றேன். அவர் சொல்லித் திருத்தின ரசத்தை அவர் ஒரு வாய் குடித்ததில்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் தடவை அம்மாவிடம் கேட்டேன். "பாத்திரக்காரிக்கு ரசம் தனியா குடும்மா." அம்மா அடுப்பு மெழுகிக்கொண்டிருந்தாள். "தனித்தனியா வேணும்னா நாலு பாத்திரம் எடுத்துண்டு வரச் சொல்லு. வயத்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. பாயசத்தைக்கூடக் கொடுக்கிறோமே என்று நிஜமாகவே நினைத்தாள். இரண்டாம் தடவை நானே திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் ரசத்தை எடுத்துத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்றைக்கு யாரோ என்னைப் பார்க்க வந்து, இந்த மூக்கா அந்த மூக்கு என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குஷியில் மறந்துபோனேன். மறுநாள் காலையில் புளித்துக் கிடந்தது. கிணற்றடியிலிருந்து, "நேத்து இன்னா பாப்பா ஆச்சு?" என்று குரல் வந்தது. நாளைக்கு என்றேன். அந்த நாளைக்கு வைகாசி வரை நீண்டது.

வைகாசியில் பெரிய வீட்டு மாமா வந்தார். லஸ் பக்கம் பங்களா. பிள்ளைக்குப் பூணூல், ஐந்நூறு இலை. அந்த வீட்டு விசேஷம் கிடைத்தால் அதன் பிறகு மயிலாப்பூரில் அப்பாவுக்கு நிகர் கிடையாது. ஆசாரத்தில் நெருப்பு மாதிரி மனிதர் அவர். யாரிடம் சமையலைக் கொடுப்பதானாலும் அந்த அடுக்களையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலையில் வந்து, வாசலிலிருந்து நேரே கொல்லைக்கு நடந்துவிட்டார். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

அந்த நேரத்தில் அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே எழுந்து நின்று, கம்பிக்கு ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கம்பியில் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

"யார் இவ? குழந்தைகிட்ட என்ன சொல்லிண்டிருக்கா?" என்றார் மாமா.

அந்த அம்மாள் திடுக்கிட்டு விலகினார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா கதவோரம் வந்து நின்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயில் பெப்பர்மிண்ட் இருந்தது. அதை விழுங்கினேன்.

"சமையலை மோந்து பாக்கறா மாமா. தினமும் இப்படித்தான். நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா."

இதை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வயதில் எனக்கு அவ்வளவு சரியாக எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"சுவாமிக்கு முன்னாடியா? இவ மோந்ததையா நைவேத்தியம் பண்றேள்?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஆயுசு பூராவும் மோந்துதான் சமைத்தார். அதை வித்தை என்றார்கள். அதே காரியத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று செய்தால் எச்சில் ஆகிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இருபது வருஷம் ஆனது. அப்பாவுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். ஜன்னலையும் என் மணைப் பலகையையும் வெளியே நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே சொன்னார்: "நாளையிலேர்ந்து வராதேம்மா."

அந்த அம்மாள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இன்னா பாப்பா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஏதாவது விளையாட்டா என்று கேட்கிற மாதிரி இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, தகரக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பாதி தேய்த்த அண்டா கிணற்றடியிலேயே கிடந்தது. கொதித்துக்கொண்டிருந்த மூன்று அடுப்புச் சமையலையும் மாமா கண் முன்னால் சாக்கடையில் கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தார்கள். மாமா திருப்தியாகி, பூணூல் சமையலை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் அப்பா என்னை மணையில் உட்காரச் சொன்னார். "சொல்லு" என்றார். குழம்பு கொதித்தது. எனக்கு அதில் குழம்பு வாசனை வந்தது, அவ்வளவுதான். "சரியா இருக்கு" என்றேன். அன்றைக்குச் சமைத்தது ஒரு சீமந்தத்துக்கு. அந்த வீட்டிலிருந்து, வாயில் வைக்க முடியவில்லை என்று அடுக்கோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த விசேஷத்தில் உப்பே இல்லை. பூணூலுக்கு ஒருநாள்தான் இருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "அவதானே?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அப்பா முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அஞ்சு மாசமா நேக்குப் பயம். நேக்குச் சௌகரியமா இருந்ததை நம்பிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

பூணூலுக்கு முன்தினம் ஒரு ஈயச்சொம்பில் மாதிரிக்கு ரசம் வைத்தார். வீட்டுக்கென்று வைத்தது, அதனால் அம்மா குடித்துப் பார்த்தாள். "ஏதோ கொறையறது. என்னன்னு சொல்லத் தெரியலை" என்றாள். மூன்று முறை வைத்தார். மூன்று முறையும் அம்மா அதையேதான் சொன்னாள். கடைசியில் அம்மா அதை ஒரு தூக்கில் ஊற்றி மூடி, "அவ வீடு எங்கேன்னு நோக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

தெரியும். கால்வாய்க் கரையில் வேப்பமரத்துப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அந்தப் பக்கம் அதற்கு முன்பு போனதே இல்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். தூக்கு என் கையில் இருந்தது. அந்த அம்மாள் குடிசை வாசலில் குந்தி முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாக முறத்தை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "வாங்க மாமி. வா பாப்பா" என்றார். உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டுத் தட்டிவிட்டார். அம்மா உட்காரவில்லை.

அவர் கண் தூக்கின் மேல் போனது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ரசமா பாப்பா? தனியா எட்தாந்தியா?"

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அம்மா சொன்னாள்: "கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லேன். என்ன கொறச்சல்னே தெரியலை. நாளைக்குப் பெரிய எடத்துல விசேஷம்."

போ என்று சொல்லியிருக்கலாம். கரையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு எங்களைக் கேள்வி கேட்டிருக்கலாம். சொல்வதற்கு நியாயம் இருந்தது, கேட்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூக்கை வாங்கினார். மூடியைத் திறந்தார். கண்ணை மூடினார். தலை இடது பக்கம் சாய்ந்தது.

"புளி இன்னும் பச்சையா கீது. நாலு கொதி அதிகமா வுடணும். அப்பால பருப்புத் தண்ணி. பெருங்காயம் மொதல்லயே போட்டு அல்லாம் ஓடிப்போச்சு, எறக்க சொல்ல போடுங்க. உப்பு இந்தத் தூக்குக்கு ஒரு சிட்டிகை கம்மி. பெரிய அண்டாவுக்கும் இதே கணக்குதான். மொளக ரொம்பப் பொடிக்காதீங்க, ஒண்ணு ரெண்டா இடிங்க."

அம்மா உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு, "இதை நீயே வெச்சுக்கோ" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"வேணாம் மாமி."

"ஏன்?"

"நல்லால்ல" என்றார். மூடியை அழுத்தி மூடினார். வெளியே வழிந்திருந்ததைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தூக்கை என் கையில் கொடுத்தார். "நான் கேட்டது இது இல்ல பாப்பா."

வேலைக்குத் திரும்பி வா என்று அம்மா சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா சொல்லவில்லை. நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. தூக்கோடு திரும்பி நடந்தோம். வழி நெடுக அம்மா, "நாலு கொதி, பெருங்காயம் கடைசியில, மிளகு ஒண்ணு ரெண்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மறந்துவிடாதே என்று என்னையும் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னேன்.

அந்தக் குடிசைகள் பிற்பாடு இல்லாமல் போயின. கால்வாய் மேலே பறக்கும் ரயில் வந்தது. கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள். பேர் தெரியாத ஒருவரை எங்கே போய்த் தேடுவது? நான் தேடவுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்ட்டூன் படத்தில் கடைசியில் உண்மை வெளிவந்துவிடுகிறது. அந்த ஜீவன் மேதை என்பதால் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பாத்திரக்கார அம்மாளுக்கு அந்த மூக்கே இல்லாமல் போயிருந்தாலும் ரசத்தைத் தனியாகத்தானே ஊற்றியிருக்க வேண்டும்?

மறுநாள் பூணூலைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு சொன்னதற்கு அர்த்தமில்லை.

பெரிய வீட்டுப் பின்கட்டில் அடுப்புப் போட்டிருந்தார்கள். நெய் உருகும் வாசனை, வாழை இலைக் கட்டு, ஈரத் தரை. எனக்கு ஒரு மணை போட்டார்கள். நாலு பேர் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். ரசம் கொதித்தபோது அப்பா என்னைப் பார்க்காமல், "சொல்லு குழந்தே" என்றார். நான் கண்ணை மூடினேன். தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டேன். "புளி இன்னும் பச்சையா இருக்கு. நாலு கொதி விடணும். பெருங்காயம் எறக்கறச்சே போடுங்கோ. மிளகை ஒண்ணு ரெண்டா இடிங்கோ" என்றேன். பெரிய வீட்டு மாமா கைதட்டினார். மாமி உள்ளேயிருந்து ஒரு பட்டுப் பாவாடைத் துணி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அப்பா திரும்பி நின்று அடுப்பு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

நைவேத்தியம் ஆயிற்று. பந்தி போட்டார்கள். ஐந்நூறு இலையிலும் பேச்செல்லாம் ரசத்தைப் பற்றித்தான். என்னைக் குழந்தைகள் வரிசையில் முதல் இலையில் உட்கார வைத்தார்கள். ரசம் விடுகிறவர் வந்து சாதத்தில் குழி பண்ணிக்கொள்ளச் சொன்னார்.

"சாதத்துல வேண்டாம். தனியா குடுங்கோ" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தொன்னையில் ஊற்றிக் கொடுத்தார். பருப்பும் மிளகும் ஒன்றாக நின்றன. அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தொன்னை கேட்டு வாங்கி, அதையும் சொட்டு விடாமல் குடித்தேன்.